மாரப்பன் உட்கார்ந்த இடம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் ஷெட்டில் நடந்த கூத்து இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மேட்டுப்பாளையத்தில் மலைக்குப் போகிற சாலையோரம் எங்கள் சைக்கிள் ஷெட். ஜெசிந்தா மேடம்தான் எங்களுக்குச் சைக்கிள் பந்தயப் பயிற்சி தருகிறவர். அவரிடம் பழகுகிறவர்களில் செங்கோடன், மேடத்தைவிடவே வயதில் பெரியவர். பக்திமான், கோபக்காரர். இரண்டில் எது அதிகம் என்று எங்களுக்குள் தீராத சண்டை.

அன்று காலை மலைப் போட்டிக்கு ஆள் தேர்வு. ஒரே ஓர் இடம்தான் பாக்கி. செங்கோடனும், எங்களோடு பழகுகிற மாரப்பனும் அதற்காக ஓட்டினார்கள். ஏற்றம் முழுக்கச் செங்கோடன்தான் முன்னால். இறங்கித் திரும்பி, ஷெட்டுக்கு முன்னால் சமதளத்தில் விரட்ட வேண்டிய நேரத்தில் கடைசிக் கியரைப் போட்டார். கடகடவென்று செயின் நழுவியது. மிதித்த மிதியெல்லாம் வீண். மாரப்பன் அவரைத் தாண்டி வந்துவிட்டார்.

செங்கோடன் வண்டியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எதையெதையோ திருகினார். பிறகு மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணு அவன் இருக்கோணும், இல்லைன்னா நான் இருக்கோணும். அவனை வெளிய அனுப்புங்க மேடம்."

மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். "யாரை?"

"மாரப்பனைத்தான். என்ர கியர்ல கை வெச்சுப்போட்டானுங்க. நேத்து பூஜை முடிஞ்சு எல்லாரும் பொரி தின்னுட்டு இருக்கையில, இவன் மட்டும் என்ர வண்டிக்குப் பின்னாடி குத்தவெச்சு உக்காந்திருந்தான். என்ர கண்ணால பாத்தேன்."

"கையில என்ன வெச்சிருந்தாரு?"

"பொரிதானுங்க."

"பொரியை வெச்சா கியரைக் கெடுத்தாரு?"

எங்களில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். செங்கோடனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அண்ணா, உங்க வண்டியை நான் தொடவே இல்லை" என்றார் மாரப்பன். "சத்தியமாத் தொடலை."

"பின்ன எதுக்குடா அங்க போய் உக்காந்தே?"

"அதைத்தான் நேத்தே உங்ககிட்ட..."

"வாயைத் தொறக்காதே! திருட்டு மூஞ்சி!"

திருட்டு மூஞ்சியாம்! போன மழைக்காலத்தில் இந்த மனுஷன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது வேளா வேளைக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த மூஞ்சி அது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ரத்தம் கொதித்தது.

மாரப்பன் தன் சைக்கிளை எடுத்தார். "அந்த இடம் எனக்கு வேண்டாம் மேடம். அவரே வெச்சுக்கட்டும். இனிமே இந்த ஷெட்டுப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன்."

கேட்டைத் தாண்டிப் போனவருக்கு அதற்கு மேல் கால் நகரவில்லை. சாலையோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

மேடம் தடுப்பார் என்று பார்த்தோம். தடுக்கவில்லை. எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டியைக் கொண்டாங்கண்ணா."

செங்கோடன் கொண்டுவந்தார். பின்சக்கரம் தரையில் படாதபடி அதை ஸ்டாண்டில் மாட்டினார் மேடம்.

"காலையில எந்தக் கியர் நழுவுச்சு?"

"கடைசி. சின்னப் பல்லு."

"மத்ததெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"இப்ப?"

செங்கோடனின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப எல்லாமே நழுவுதுங்க."

"நடுவுல என்ன ஆச்சு?"

"கியர் ஒயரை இறுக்கிப் பாத்தேன். கேக்கலை. லூசு பண்ணிப் பாத்தேன். அப்புறம் அந்த ரெண்டு ஸ்க்ரூவையும் திருகினேன்."

"அந்த ஸ்க்ரூ எதுக்கு இருக்கு?"

"செயினு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தாண்டி விழாம இருக்கறதுக்கு."

"தாண்டி விழுந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்குத் திருகினீங்க?"

"ஆத்தரமுங்க மேடம்."

"காலையில ஒரு கியரு. இப்ப எல்லாக் கியரும். மிச்சத்தையும் கெடுக்க மாரப்பன் எப்ப வந்தாரு?"

அப்போதாவது மனுஷன் அடங்கினாரா என்றால் இல்லை.

"அது என்ர தப்பாவே இருக்கட்டுமுங்க. முதல்ல நழுவுன அந்த ஒண்ணைக் கெடுத்தது யாரு? எனக்கு அது தெரிஞ்சாகோணும்."

"நேத்து அவரு எந்த இடத்துல உக்காந்திருந்தாரு?"

"இப்படித்தான், சக்கரத்துக்குப் பின்னாடி."

"அங்க உக்காருங்க."

"நானுங்களா?"

"நீங்கதான். அவரு எப்படி உக்காந்திருந்தாரோ அப்படி."

செங்கோடன் முனகிக்கொண்டே குத்தவைத்தார். மேடம் மிதியைக் கையால் மெல்லச் சுற்றினார்.

"என்ன தெரியுது?"

"பல்சக்கரம் தெரியுது."

"இன்னும் குனிங்க."

குனிந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"கடைசிப் பல்லுக்கும் அதுக்கு அடுத்ததுக்கும் நடுவுல என்னமோ அடைச்சிருக்குதுங்க."

மேடம் ஓர் ஊக்கைக் கொடுத்தார். செங்கோடன் உள்ளே விட்டு நெம்பினார். மசகில் ஊறிக் கறுத்த வாழைநார் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நசுங்கிப்போன ஒரு செவ்வந்தி இதழும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பூஜைக்கு நாங்கள் எல்லோரும் ஹேண்டில்பாருக்கு ஒரு முழம் பூ போட்டோம். செங்கோடனுக்கு அது போதுமா? பெரிய மாலையாக வாங்கி, ஹேண்டில்பாரில் ஆரம்பித்துப் பல்சக்கரம் வரைக்கும் சுற்றியிருந்தார். காலையில் அவசரத்தில் மாலையைப் பிய்த்து எடுத்தவர் நார் வந்ததா என்று பார்க்கவில்லை. அவ்வளவு நார் அடைத்திருந்தால் செயின் பல்லில் எப்படி உட்காரும்?

செங்கோடன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து நாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அவன் என்னமோ சொன்னானுங்க மேடம்."

"என்ன சொன்னாரு?"

"'அண்ணா, மாலை பல்லுல மாட்டியிருக்குது, நார் உள்ள போயிரும், எடுத்துடட்டுமா'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

செங்கோடன் தலையைத் தூக்கவில்லை. "சாமிக்குப் போட்ட மாலையில கை வெக்காதடான்னு எல்லாரு முன்னாடியும் கத்தினேன்."

எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது, நன்றாக நாலு கேட்கலாமென்று. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடக்கிக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே மாரப்பன் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கினார்.

செங்கோடன் பதறிப்போய் எழுந்தார். நார் இன்னும் கையிலேயே இருந்தது. "மேடம், நான் இப்ப என்ன பண்ணட்டுமுங்க?"

மேடம் ஆறிப்போன டீயை எடுத்தார்.

"வெளிய அனுப்பணும்னீங்களே அண்ணா, அது உங்க கையில இருக்கு. கொண்டுபோய் வெளிய போடுங்க. வரும்போது, வெளிய நிக்கிறவரை உள்ள கூட்டிட்டு வாங்க."