எருமை முதுகில் கொக்கு ஏறிய வழக்கு

எருமையும் கொக்கும் மனசில் பட்டதை வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்பூரணிக் கண்மாயில் பொன்னாத்தா என்றொரு கொக்கு இருந்தாள். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தில்தான் அவள் கூடு. எல்லாக் கொக்குகளையும் போல அவளும் மீன் பிடித்துத்தான் பிழைத்தாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அலகைச் சொல்லவில்லை, பேச்சைச் சொல்கிறேன்.

காட்டுக்குச் சிங்கம்தான் ராஜா என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், நமக்கென்ன. கண்மாய்க்கு ராஜா கிடையாது. ராஜா இருக்கிற இடத்தில் வழக்கு என்று வந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கண்மாயில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சண்டை என்று கேள்விப்பட்டால் தாழைக்கோழி கரையில் நின்று ஒரு சத்தம் கொடுப்பாள். தவளை முதல் நாரை வரை போட்டது போட்டபடி வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

அங்கே ஒரு முறை இருந்தது. வாய்மாற்று என்பார்கள். வழக்குக்கு வந்தவர் தன் பக்கத்தைச் சொல்லக்கூடாது, எதிராளியின் பக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். எதிராளி இவருடைய பக்கத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரை தீர்ப்பைப் பற்றி யாரும் மூச்சுவிடக்கூடாது. எதிராளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூடாது. போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள்! எத்தனையோ சண்டைகள் அந்த வட்டத்துக்குள்ளேயே சிரிப்பாக முடிந்திருக்கின்றன.

பொன்னாத்தாவின் வழக்கு சிரிப்பாக முடிகிற வழக்கு இல்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசி பிறப்பதற்கு முன்பே கண்மாய் காய்ந்து, மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் மீனோடு திரும்பி வந்த பொன்னாத்தா தன் கண்ணாலேயே பார்த்தாள். கோணக்கொம்பன் என்கிற எருமைக்கடா கருவேல மரத்தில் முதுகைக் கொடுத்து உரசு உரசென்று உரசிக்கொண்டிருந்தான். மரம் ஆடியது, கூடு சரிந்தது. மூன்று குஞ்சுகளில் இரண்டு கட்டாந்தரையில் விழுந்து செத்துப்போயின. ஒன்று மட்டும் கிளையில் சிக்கிப் பிழைத்தது.

அவள் அழுத அழுகையில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கண்மாயே கூடிவிட்டது.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு தாயி" என்றாள் தாழைக்கோழி.

"இந்தக் கொலைகாரப் பாவி இனிமே பள்ளத்துத் தண்ணியில கால் வைக்கக்கூடாது. கண்மாயை விட்டே போகணும்!"

கூட்டம் திடுக்கிட்டுப்போனது. அந்த வெயிலில் தண்ணீர் இல்லாத எருமைக்குத் தோல் வெடித்துச் சாவதைத் தவிர வேறு வழி கிடையாது. பொன்னாத்தாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். பெற்றவளுக்கு வயிறு எரிந்தது.

தாழைக்கோழி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "சரி, கேட்டாச்சு. இனி வாய்மாத்து. கோணக்கொம்பா, முதல்ல நீ சொல்லுப்பா" என்றாள்.

கோணக்கொம்பனிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது போய்விடும். அசைபோடுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"கூடு விழுந்துச்சு. ரெண்டு பிள்ளை செத்துப்போச்சு."

"அது ஊருக்கே தெரியும். அது இல்லை" என்று வெடுக்கென்று சொன்னாள் பொன்னாத்தா.

"அவளுக்கு என் மேல கோவம்."

"அதுவும் இல்லை!"

எருமை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான். "அவ கீழ இறங்கி வந்தா. வாயில மீன் இருந்துச்சு. ஒரு பிள்ளைகிட்ட கொண்டுபோனா, அது வாயைத் திறக்கல. இன்னொண்ணுகிட்ட கொண்டுபோனா, அதுவும் திறக்கல. மீனைக் கீழ போடவும் மனசு வரல, முழுங்கவும் மனசு வரல. வாயில வச்சுக்கிட்டே நின்னா. மேல ஒண்ணு பசியில கத்துனது அவ காதுல விழவே இல்லை."

மரத்தை உலுக்கிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான் என்றல்லவா பொன்னாத்தா நினைத்திருந்தாள்? போகவில்லை. நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

"ஆமா" என்றாள். "அதுதான்."

இப்போது அவள் முறை.

"இவனுக்குத் திமிரு" என்று ஆரம்பித்தாள்.

"இல்லை தாயி" என்றான் எருமை.

"தூக்கக் கலக்கம். மேல கூடு இருக்கறது கண்ணுக்குத் தெரியல."

"தெரியும். தெரிஞ்சுதான் உரசினேன்."

"பின்ன என்னதான்டா உனக்குக் கேடு?"

"கேட்கக்கூடாது பொன்னாத்தா, போய்ப் பாரு" என்றாள் தாழைக்கோழி.

எங்கே போய் எதைப் பார்ப்பது? அதுவரை எந்தக் கொக்கும் எருமையின் மேல் உட்கார்ந்ததில்லை. பொன்னாத்தாவுக்கு அவனைத் தொடவே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் முறை முறைதான். பறந்துபோய் அவன் முதுகில் இறங்கினாள்.

கால் வைத்த இடமெல்லாம் ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தாள். உண்ணி! முதுகு நெடுக, விலா ஓரமெல்லாம், காதுக்குள், கண் இடுக்கில், இரத்தம் குடித்துப் புடைத்த உண்ணிகள். உரசி உரசி முதுகுத் தோல் புண்ணாகி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அடக் கடவுளே என்றாகிவிட்டது அவளுக்கு.

முதுகில் நின்றபடியே பேசினாள். "சேறு இருந்தா இவன் புரண்டு எழுந்திருப்பான், உண்ணி ஒட்டாது. இந்த வருஷம் சேறே இல்லை. கொம்பும் இங்க எட்டாது, வாலும் எட்டாது. பகலும் ராவும் உசுரோட தின்னுக்கிட்டு இருக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். ஒரு நொடி பொறுக்க முடியல. அந்த ஒரு நொடியிலதான் என் பிள்ளைங்க போயிருச்சுங்க."

"ஆமா" என்றான் கோணக்கொம்பன். "அதுதான்."

"கொலைகாரன்னு உன்னை ஏசினேனே, இதை ஏன்டா அப்பவே சொல்லலே?"

"உன் பிள்ளைங்க செத்துக் கிடந்துச்சுங்க தாயி. எனக்கு அரிச்சுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

கூட்டத்தில் மூக்கைச் சிந்தாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் ஒருவர்கூட "பாவம், மன்னிச்சு விட்டுரு" என்று அவளிடம் போய் நிற்கவில்லை. அந்தக் கண்மாய்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுவது அதற்காகத்தான்.

"மன்னிக்க எனக்கு மனசு வரல" என்றாள் பொன்னாத்தா.

"மன்னிக்கச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள் தாழைக்கோழி. "அது உன் பாடு. இன்னொரு கூடு விழக்கூடாது, உன் மிச்சப் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது. அதுக்கு ஒரு வழி வேணும். ரெண்டு பேரும் சொல்லுங்க, நாங்க சாட்சி."

பள்ளத்தில் மீன் தீர்ந்துகொண்டே வந்தது. குஞ்சை எப்படி வளர்க்கப்போகிறோம் என்ற பயம் பொன்னாத்தாவுக்கு முன்பே இருந்தது. கோணக்கொம்பன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நான் மேயும்போது காலடியில வெட்டுக்கிளி கிளம்பும். எனக்கு அது எதுக்கும் ஆகாது. பக்கத்துலயே நடந்து வந்தா அந்தப் பிள்ளைக்கு ஆகும்."

பொன்னாத்தா அழுதுகொண்டே முதுகிலிருந்து அவன் கழுத்துக்கு நடந்துபோனாள். அவன் காதுக்குள் அலகை விட்டு, கொழுத்த உண்ணி ஒன்றைப் பிடுங்கினாள். கூட்டம் எழுந்து கலைந்தது. அதற்கு மேல் தீர்ப்பு என்று ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்தக் குஞ்சு வெட்டுக்கிளி தின்றே வளர்ந்து, சிறகு முளைத்து, தாயோடு சேர்ந்து எருமைக்குப் பக்கத்தில் நடந்தது. பொன்னாத்தாவின் வம்சம் உண்ணிக்கொக்கு என்று பேர் வாங்கி, மீனை மறந்து எருமையின் காலடியைத் தேடிப் போவது அன்று தொடங்கியதுதான். ஓர் ஈ உட்கார்ந்தாலே வாலைச் சுழற்றி விரட்டுகிற எருமை, அந்தக் கூரான அலகு தன் கண்ணுக்கு நேரே வரும்போது இமைகூடக் கொட்டாமல் நிற்பதும் அன்று முதல்தான்.