எடுக்க வந்தவர்

"நான் போறேன் அண்ணாச்சி" என்றான் இசக்கிராஜா.

"போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வாறேன்னு சொல்லணும்" என்றார் தளவாய்.

"திரும்பி வாறவன்லா அப்படிச் சொல்லணும். நான் வர மாட்டேன்."

தளவாய் ஒரு பட்டுச் சேலையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அவர் கை நிற்கவில்லை.

திருநெல்வேலி டவுனில், ரத வீதியில், ஒரு ஜவுளிக்கடை. அதன் முதல் மாடியில் பட்டு செக்ஷன். கடை திறந்து சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைகள் வாடிக்கையாளருக்காகக் காத்துக் கிடந்தன.

இசக்கிராஜா சேல்ஸ்மேனாகச் சேர்ந்து ஒரு வாரம். "ஒரு வாரம் இருந்து பாருடே. பிடிச்சா இரு, இல்லைன்னா சொல்லிட்டுப் போ" என்றிருந்தார் முதலாளி. அந்த ஒரு வாரம் இன்றைக்குச் சாயங்காலம் முடிகிறது.

அவனுக்குத் தொழில் பழக்கிவிட அமர்த்திய ஆள் தளவாய். சீடனைவிடக் குரு இரண்டு வயது சின்னவர். மீசை இன்னும் முழுசாகக் கூடி வரவில்லை. ஆனாலும் முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும். கடை வழக்கம் அப்படி. வயதில் மூத்தவன் என்று குருவும் சீடனை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். ஆக அந்த மெத்தையில் இரண்டு அண்ணாச்சிகள்.

"என்ன சங்கடம்?" என்று கேட்டார் தளவாய்.

"நேத்து என் கூடப் படிச்ச பொம்பளப் பிள்ளைக ரெண்டு பேரு வந்தாவ. நான் தோள்ல சேலையைப் போட்டுட்டு நிக்கேன். வாயைப் பொத்திட்டுச் சிரிக்காவ."

அதுதான் தொழிலின் முறை. சேலையை மெத்தையில் விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வருகிறவர்கள் ஆசைப்படுவார்கள். அதனால் காட்டுகிற ஆணே முந்தியைத் தன் தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்து, எழுந்து நிற்க வேண்டும். மீசை வைத்தவனுக்கும் விலக்கு இல்லை.

"வெட்கம் மட்டும்தானா?"

இசக்கிராஜா மெத்தை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டான்.

"இல்லை. இன்னொண்ணு இருக்கு. அது இதைவிட மோசம்."

"சொல்லுங்க."

"ஒரு டீச்சர் அம்மா வந்தாவ. 'உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு'ன்னேன். உடனே எடுத்துட்டாவ. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு துள்ளல். பரீட்சையில பாஸானப்பக்கூட அப்படித் துள்ளலை."

"நல்ல விஷயந்தானே?"

"அதே வார்த்தையை அவுகளுக்கு முன்னால வந்த எல்லார்ட்டயும் சொல்லியிருந்தேன். பஸ்ல போகும்போது வாயெல்லாம் கசந்துச்சு. துள்ளினதும் நான்தான், கசந்ததும் நான்தான். எது நெசம்னு தெரியலை அண்ணாச்சி. விக்க வராதவனா இருந்தாக்கூடப் பரவாயில்லை. எனக்கு நல்லா வருது. அதான் பயமா இருக்கு."

தளவாய் மடித்த சேலையை அடுக்கில் வைத்தார்.

"கீழ வாசல்ல போயி கொஞ்ச நேரம் நில்லுங்க. உள்ள வாறவங்க என்ன சொல்லிட்டு வாறாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

இசக்கிராஜா போய் நின்றான். கால் வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"என்ன சொல்லுதாவ?"

"என்ன சொல்லுவாவ. சேலை எடுக்க வந்தோம், வேட்டி எடுக்க வந்தோம், பிள்ளைக்குப் பாவாடை எடுக்க வந்தோம். ஒருத்தர் மட்டும் பாத்ரூம் எங்கன்னு கேட்டாரு."

"வாங்க வந்தோம்னு யாரும் சொல்லலையா?"

"இல்லை."

"கத்திரிக்காயை?"

"வாங்குவோம்."

"மாத்திரையை?"

"அதையும் வாங்குவோம்."

"சேலையை?"

"எடுப்போம். எங்க ஆச்சி காலத்துலேருந்து அப்படித்தான் சொல்லுதோம். பேச்சு வழக்கு."

"யாரோட சேலையை எடுக்காவ?"

"கடைச் சேலையை. முதலாளியோடதை."

"அடுத்தவங்க பொருளை எடுத்தா அதுக்கு வேற பேருல்லா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தளவாய் டீ குடிக்கப் போய்விட்டார்.

இவரிடம் வாயைக் கொடுத்தது தப்பு என்று இசக்கிராஜா நினைத்தான்.

மதியம்வரை அவன் எதையும் காட்டவில்லை. போகப் போகிறவனுக்கு என்ன வேலை. உட்கார்ந்து தளவாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தளவாய் அதிகம் பேசுவதில்லை. என்ன விலையில் வேண்டும் என்று முதலில் கேட்பதும் இல்லை. "யாருக்கு?" என்று கேட்பார். சொல்வதைக் கேட்டுக்கொள்வார். ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டு எழுந்து நிற்பார். அவ்வளவுதான்.

அன்றுதான் இசக்கிராஜா ஒன்றைக் கவனித்தான். பில் போடும் இடத்தில் ஈஸ்வரி என்றொரு பெண் இருந்தாள். ஒவ்வொருவரிடமும் "சேலை காமிச்சது யாரு?" என்று கேட்டு, அந்த சேல்ஸ்மேன் பெயரில் பில் போடுவாள். மற்றவர்களிடம் சேலை எடுத்தவர்கள் உடனே கை காட்டினார்கள். தளவாயிடம் எடுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், யோசித்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். முக்கால் மணி நேரம் எதிரில் நின்ற ஆளின் முகம் அவர்களுக்கு நினைவில் இல்லை.

"இப்படியே போனா உங்க பேர்ல ஒரு பில்லும் இருக்காது" என்றான் இசக்கிராஜா.

தளவாய் சிரித்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கி பேண்ட். முகம் கழுவியிருந்தார், ஆனால் காது மடலிலும் புருவத்திலும் சாம்பல் நிறத்தில் கல் மாவு ஒட்டியிருந்தது. மெத்தையில் உட்காரவில்லை. அழுக்காகிவிடும் என்று நினைத்திருப்பார்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. யாருக்கு?" என்றார் தளவாய்.

"எம்மவளுக்கு. கோமதிக்கு. வாற முகூர்த்தத்துல கல்யாணம்."

"கல்யாணச் சேலையா?"

"அதை மாப்பிள்ளை வீட்டுல எடுத்துட்டாவ. இது வேற." அவர் நின்றபடியே பேசினார். "மறுநா அவ எங்க வீட்டை விட்டு இறங்கும்போது கட்டிட்டுப் போறதுக்கு. அதை அவ அம்மைதான் எடுக்கணும். அம்மை இல்லை. போன ஐப்பசியில தவறிட்டா."

"பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றான் இசக்கிராஜா.

"கூப்பிட்டேன் தம்பி. 'அம்மா இருந்தா என்னையக் கேட்டா எடுப்பா? நீங்களே எடுத்துட்டு வாங்கப்பா'ன்னுட்டா."

அவர் பெயர் கொம்பையா. போர்வெல் லாரி ஓட்டுகிறவர். தண்ணீர் இல்லாத ஊர் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் அவருக்கு வேலை உண்டு. வீட்டில் இருந்த நாள் குறைவு.

"பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டார் தளவாய்.

கொம்பையா தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியாது தம்பி" என்றார். "அவளைப் பெத்தவளுக்குத்தான் தெரியும். நான் மாத்தி எடுத்துட்டுப் போனாலும் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. கட்டிட்டு இறங்கிருவா. அதான் எனக்கு..."

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"உயரம்?"

கொம்பையா சுற்றிலும் பார்த்தார். அவர் கண் இசக்கிராஜாவிடம் வந்து நின்றது.

"இந்தத் தம்பி உயரம் இருப்பா."

தளவாய் ஒரு சேலையை எடுத்தார். தன் தோளில் போடவில்லை. இசக்கிராஜாவின் கையில் வைத்தார்.

"நான்தான் போறேன்னு சொன்னேனே" என்று இசக்கிராஜா முணுமுணுத்தான்.

எதிரே நின்றவரைப் பார்த்தபோது இசக்கிராஜாவுக்கு முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. முந்தியைத் தோளில் போட்டான். கொசுவத்தைப் பிடித்தான். எழுந்து நின்றான்.

மிளகாய்ப்பழச் சிவப்பு.

'இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்காவ' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தளவாய் தன் உதட்டில் ஒரு விரலை வைத்தார். வந்த வார்த்தை திரும்பிப் போயிற்று.

கொம்பையா பார்த்தார். "இல்லை" என்றார்.

மயில்கழுத்து. "இல்லை."

வாழைக்குருத்துப் பச்சை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவ இல்லை."

மெத்தையில் சேலைகள் குவிந்தன. ஒவ்வொன்றையும் இசக்கிராஜா தோளில் போட்டான், நின்றான், எடுத்தான். முதலில் யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அது மறந்துபோயிற்று. அந்த மனிதர் பார்த்த பார்வை அப்படி. கோமதி வீட்டில் எப்படி நிற்பாள், தலையைச் சாய்ப்பாளா, நிமிர்ந்து பார்ப்பாளா என்று அவனுக்கே யோசனை ஓடியது. யோசிக்க யோசிக்க அவன் தோள் தானாக இறங்கிற்று.

அடியில் கிடந்த ஒன்றைத் தளவாய் உருவினார். கத்திரிப்பூ நிறம். மெல்லிய கரை. ஜரிகைகூட அதிகம் இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இசக்கிராஜா அதைத் தோளில் போட்டு நின்றான்.

கொம்பையாவின் வாயில் இந்த முறை 'இல்லை' வரவில்லை.

மெல்லக் கிட்டே வந்தார். கையைப் பேண்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இது எம்மவ சேலைல்லா" என்றார். "இங்கன எப்படி வந்துச்சு?"

கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை. தோள் மடிப்பு ஒன்று பிசகியிருந்தது. பாறையைத் துளைக்கிற வண்டியைப் பிடித்துக் காய்ப்பேறிய விரல்களால் அதை எடுத்து, நேராக்கி, பதமாக வைத்தார்.

பிறகு இசக்கிராஜாவின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த மீசையை அவர் பார்க்கவில்லை.

"அப்பா ஒழுங்கா வீட்டுல இருந்ததில்லை" என்றார். "மனசுல வச்சுக்காதம்மா. போயிட்டு வா."

இசக்கிராஜாவின் தொண்டையில் ஒரு குரல் ஏறி வந்தது. அது தன் குரல்தானா என்று அவனுக்கு இன்றுவரை நிச்சயம் இல்லை.

"போயிட்டு வாறேன்ப்பா" என்றான்.

மெத்தையில் உட்கார்ந்திருந்த தளவாய் எழுந்து நின்றார். கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கொம்பையாதான் முதலில் அசைந்தார். முகத்தைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். போனை எடுத்தார்.

"எம்மா, கோமதி. உன் சேலையை எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ.

"கத்திரிப்பூ" என்றார்.

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். ஆமாம், ஆமாம் என்பதுபோல அவர் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சேலையைத் தளவாய் மடித்துக் கொடுத்தார். பில் போடும் இடத்துக்கு இசக்கிராஜாவே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓரமாக நின்றான்.

"சேலை காமிச்சது யாரு?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

கொம்பையா திரும்பிப் பார்த்தார். தளவாயைப் பார்த்தார். பக்கத்து மெத்தைக்காரர்களைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இசக்கிராஜாவையும் பார்த்தார். அவர் கண் அவனைத் தாண்டிப் போயிற்று.

"தெரியலையேம்மா" என்றார்.

ஈஸ்வரி நிமிர்ந்து இசக்கிராஜாவைப் பார்த்தாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. உள்ளே துள்ளுகிறதா என்று பார்த்தான், துள்ளவில்லை. கசக்கிறதா என்று பார்த்தான், அதுவும் இல்லை. குளத்தில் இறங்கி நிற்கிற மாதிரி குளுமையாக இருந்தது.

கொம்பையா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சாயங்காலம் முதலாளி மாடிக்கு வந்தார். மெத்தைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். குவிந்து கிடந்த சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இசக்கிராஜா ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடே, உன் பேர்ல இன்னைக்கு ஒரு பில்லும் இல்லையே. காலையில போறேன்னு சொன்னியாமே. போகலையா?"

இசக்கிராஜா நிமிர்ந்தான்.

"போயிட்டு வந்துட்டேன் முதலாளி."