மெர்லினுக்கு நேரம் பாத்த இசக்கி

ஒரு ஊர்ல ஒரு நர்ஸ் அக்கா இருந்தா. பேரு இசக்கி. எங்க, "ம்" கொட்டு பாப்போம். கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

இசக்கி வீட்டுல அப்பா செங்கல் சூளைக்குப் போவாரு, அம்மா பீடி சுத்துவாங்க. அந்த வீட்டுலயே முதமுதல்ல காலேஜுக்குப் போயி பட்டம் வாங்கினது இசக்கிதான். திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாத்தா. அப்போ அயர்லாந்துல இருந்து ஒரு ஆஸ்பத்திரி, "நீ இங்க வேலைக்கு வா, ஆனா இங்கிலீஷ்ல பேசுற பரீட்சையில பாஸ் பண்ணிட்டு வா"ன்னு சொல்லிருச்சு. பாஸ் பண்ணலைன்னா வேலை கிடையாது. இசக்கிக்கு அதே நெனப்பு. சோறு எறங்கல.

அவ கூடவே வேலை பாத்தவ மெர்லின். ரெண்டு பேரும் உசுருக்குசுரான சேக்காளிங்க. மெர்லினுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே பரீட்சை. ஆனா மெர்லினோட அம்மா இங்கிலீஷ் டீச்சர். அவங்க வீட்டுல குழம்புக்கு உப்பு பத்தலைங்கறதையே இங்கிலீஷ்லதான் சொல்லுவாங்க.

"நெசமாவா சித்தி?"

இசக்கி அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தா.

அப்புறம் ரெண்டு பேரும் கோயில்பிச்சை சாருகிட்ட டியூஷன் சேந்தாங்க. அந்தப் பரீட்சை எப்படின்னா, ஒரு சீட்டு குடுப்பாங்க. அதுல ஒரு கேள்வி இருக்கும். அதப் பத்தி ரெண்டு நிமிஷம் நிறுத்தாம பேசணும். சார் ஒரு சீட்ட நீட்டினாரு. "உன்கிட்ட என்ன திறமை இருக்கு, சொல்லு." அம்புட்டுதான்.

மெர்லின் எந்திரிச்சா. கடகடகடன்னு பேசினா. சர்ச்சுல பாடுறது, ரயில் சத்தம் போட்டுக் காட்டுறது, ஊசிக்கு அழற பிள்ளைங்கள சிரிக்க வைக்கிறது. நடுவுல ஒரு வரி பாடியும் காட்டினா. சார் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாரு.

அப்போ இசக்கி வயித்துல ஒண்ணு சுரீர்னுச்சு.

"எறும்பா?"

எறும்பு இல்லடா தங்கம். பொறாமை. அது எறும்ப விட மோசம், தட்டி விட முடியாது.

அப்புறம் இசக்கி முறை. மொத நாள், "எனக்கு நல்லா சமைக்கத் தெரியும்"னா. அரை நிமிஷத்துல பேச்சு நின்னுருச்சு. சார், "இந்த வகுப்புல பன்னெண்டு பேரு சமையல்தாம்மா சொல்லுதீங்க"ன்னாரு. ரெண்டாவது நாள், "எனக்குக் கோலம் போடத் தெரியும்"னா. "அதுல என்ன விசேஷம்?"னாரு. மூணாவது நாள், டியூஷன் நோட்டுல எழுதியிருந்தத மனப்பாடம் பண்ணிட்டு வந்து, "எனக்குப் போட்டோ எடுக்கறதுல திறமை"ன்னா. "என்ன கேமரா வச்சிருக்க?"ன்னு கேட்டாரு. கேமராவ அவ கையால கூடத் தொட்டதில்ல. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. மெர்லினும் சிரிச்சா.

வயித்துல மறுபடியும் சுரீர்.

வார்டுலயும் அதே கதைதான். பாட்டிமாருங்க, "அந்தப் பாடுற சிஸ்டர வரச் சொல்லும்மா"ம்பாங்க. பிள்ளைங்க இசக்கியப் பாத்தா அழும், மெர்லினப் பாத்தா கை நீட்டும். இசக்கிக்கு அவ மேலருந்து கண்ண எடுக்கவே முடியல. அவ நடந்தாப் பாப்பா, சிரிச்சாப் பாப்பா, ஊசி போட்டாப் பாப்பா. பாக்கப் பாக்க எரிஞ்சுது.

"ம்."

அப்போ சார் சொன்னாரு, ரெண்டு ரெண்டு பேரா சேந்து பழகுங்க, ஒருத்தர் பேசணும், இன்னொருத்தர் போன்ல நேரம் பாக்கணும், ரெண்டு நிமிஷம் ஆனதும் "போதும்"னு சொல்லணும்னு. மெர்லின் ஓடி வந்து இசக்கி பக்கத்துல உக்காந்தா. "ஏட்டி, எனக்கு நீதான் பாக்கணும். நான் கடிகாரத்தப் பாத்தாப் பேச்சு மறந்துரும்."

மெர்லின் பேசினா. இசக்கி போனப் பாத்தா. ஓடுது, ஓடுது... ரெண்டு நிமிஷத்துக்கு இன்னும் பத்து செகண்ட் இருக்கு. வாயி தன்னால, "போதும்"னு சொல்லிருச்சு.

"முடிஞ்சுட்டா? இன்னும் ரயிலப் பத்திச் சொல்லவே இல்லியே"ன்னா மெர்லின்.

"நீ இழுத்துப் பேசுத. கொற"ன்னா இசக்கி.

மறுநாள் இருபது செகண்ட். அதுக்கு மறுநாள் நாப்பது. மெர்லின் பாவம், நம்பினா. ரயில வெட்டுனா, பாட்ட வெட்டுனா. தொவைச்ச துணி சுருங்கற மாதிரி அவ பேச்சு சுருங்கிப் போச்சு. ஆனா மெர்லின் இசக்கிக்கு நேரம் பாக்கும்போது ஒரு செகண்ட் கூடக் கொறைக்க மாட்டா. "இன்னும் இருக்கு, பேசு பேசு, எங்க அத்தை மூச்சு விடாம பேசுவாள்லா, அவ மாதிரி பேசு"ன்னு கையாட்டுவா.

"இசக்கி கெட்டவளா சித்தி?"

பயந்தவ. அவ அயர்லாந்து போயி நான் மட்டும் இங்கயே நின்னுட்டா என்ன செய்யன்னு பயம். பயத்துல செஞ்சாலும் தப்பு தப்புதான்.

அப்புறம் பரீட்சை நாளும் வந்துச்சு. மதுரையில பரீட்சை. விடியக்காலம் பஸ் ஏறினாங்க. டுர்ர்ர்ர்... மெர்லின் இட்லிப் பொட்டலத்தப் பிரிச்சு, இசக்கிக்கு மொளகாப்பொடி நெறைய தடவுனத எடுத்துக் குடுத்தா. அத வாங்கினப்போ இசக்கி தான் நேரத்தத் திருடினத நெனச்சா. சொல்லிரலாம். கோவில்பட்டி வந்ததும் சொல்லிரலாம். கோவில்பட்டி வந்துச்சு, சொல்லல. சாத்தூர்ல சொல்லிரலாம். சாத்தூர் வந்துச்சு, மெர்லின் இவ தோள்ல சாஞ்சு தூங்குறா. சரி, விருதுநகர்ல. விருதுநகரும் சர்ருனு போயிருச்சு.

அங்க போனதும் மொதல்ல இசக்கியக் கூப்பிட்டாங்க. உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. சீட்ட நீட்டினாங்க.

என்ன கேள்வி தெரியுமா? "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு திறமைசாலியப் பத்திச் சொல்லுங்க."

மனப்பாடம் பண்ணின எதுவும் அதுக்கு ஆகாது. ஆனா அவ வாயத் தொறந்தா, மெர்லின்னு வந்துச்சு. அப்புறம் நிக்கவே இல்ல. "அவ ஊசி போடுறதுக்கு முந்தி, பிள்ளைகிட்ட உங்க வீட்டுக் கோழிக்கு என்ன பேருன்னு கேப்பா. பிள்ளை யோசிச்சுப் பேர் சொல்றதுக்குள்ள ஊசி போட்டு முடிச்சிருப்பா. வயசானவங்களத் தொடறதுக்கு முந்தி கைய பரபரன்னு தேச்சு சூடாக்கிக்குவா. அத யாரும் கவனிச்சதில்ல, நான் மட்டும் பாத்திருக்கேன். அவ பாடினா வார்டுல ஃபேன் சத்தம் கூடக் கேக்காது." தப்பும் தவறுமா இங்கிலீஷ் வந்துச்சு, ஆனா ஆறு மாதிரி வந்துச்சு. ரெண்டு நிமிஷம் முடிஞ்சு அந்த அம்மாவே கையக் காட்டி நிறுத்தினாங்க.

அப்புறம் கேட்டாங்க, "இதயெல்லாம் அவங்ககிட்ட நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல"ன்னா இசக்கி. மூஞ்சி அப்படியே சிவந்து போச்சு.

வெளிய வந்தா. ஓடினா, தட தட தடன்னு. "மெர்லின்! மெர்லின், நில்லுட்டி!" அடுத்த ரூமுக்குள்ள மெர்லின் கால் வச்சுட்டா. திரும்பிப் பாத்துச் சிரிச்சு, கட்டை விரலத் தூக்கிக் காட்டினா. கதவு மூடிக்கிச்சு. டப்.

"ஐயோ."

கொஞ்ச நேரம் கழிச்சு மெர்லின் வெளிய வந்தா. மூஞ்சியில ரத்தமே இல்ல. "ஏட்டி இசக்கி, அங்க ரெண்டு நிமிஷம் ரொம்ப நீளமா இருந்துச்சுட்டி. எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேன். அந்தாளு இன்னும் பேசு, இன்னும் பேசுன்னு பாக்காரு. எனக்கு ஒண்ணுமே வரல."

அங்கயே, அந்த வராந்தாவுலயே, இசக்கி எல்லாத்தையும் சொன்னா. பத்து செகண்ட், இருபது செகண்ட், நாப்பது செகண்ட். மெர்லின் திட்டல, அடிக்கல. பஸ்ல வேற சீட்டுல போயி உக்காந்துக்கிட்டா.

அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. இசக்கி பாஸ். மெர்லினுக்கு அரை மார்க் கொறைச்சல். இன்னொரு தடவ பரீட்சைக்குப் போகலாம், ஆனா அந்த வேலைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

இசக்கி மெர்லின் வீட்டு வாசல்ல போயி நின்னா. மொத நாள் மெர்லின் வெளிய வரல. மறுநாள் வந்தா, பாத்தா, கதவச் சாத்திட்டா. மூணாவது நாள் அவங்க அம்மாதான், "ஏன் வெயில்ல நிக்க, உள்ள வா பிள்ள"ன்னு நம்ம ஊர்த் தமிழ்லயே கூப்பிட்டாங்க.

மெர்லின் நிமிந்து கூடப் பாக்கல. "மன்னிப்புன்னு சொல்லி அழாத, எனக்கு எரிச்சலா வருது. பரீட்சையில என்னைப் பத்திப் பேசினேன்னு அன்னைக்கு ஒளறினியே, என்ன பேசின? சொல்லு. அத வச்சாவது எனக்கு என்ன வரும்னு தெரிஞ்சுக்கறேன்."

இசக்கி சொன்னா. கோழிப் பேரச் சொன்னா, கையத் தேய்க்கறதச் சொன்னா, பாட்டச் சொன்னா. மெர்லின் தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டா. கடைசியில, "சும்மா அளக்காத. நான் அம்புட்டு நல்லாவா பாடுவேன்? பொய்"ன்னா.

"பொய்யா இருந்தா எனக்கு எதுக்குட்டி வயிறு எரியப்போவுது?"ன்னா இசக்கி.

மெர்லின் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா. சிரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாதுன்னு இருந்தா. க்ளுக்னு வந்துருச்சு. சிரிச்சுட்டு, "போடி சனியனே"ன்னு தலகாணியத் தூக்கி எறிஞ்சா. தொப்.

"அப்புறம் மெர்லினும் பாஸா?"

பாஸ். இசக்கி ஐப்பசியில பிளேன் ஏறினா, மெர்லின் தையில ஏறினா. அங்கயும் பிள்ளைங்க மெர்லினப் பாத்துத்தான் கை நீட்டுதாம். இசக்கிக்கு இன்னும் அப்பப்ப சுரீர்னு வருமாம். வந்தா உடனே அவகிட்டயே போயி, "ஏட்டி, எரியுது"ன்னு சொல்லிருவாளாம்.

கேக்குதா?

தூங்கிட்டா. சரி, கதையும் கால நீட்டிப் படுத்துருச்சு, நீயும் தூங்குடா தங்கம்.