சைலன்சரும் பன்னிரண்டு அடியாட்களும்

வடபழனியில் சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் ஸ்டுடியோ ஒன்றில் அஞ்சுகம் வேலை பார்த்தாள். ஒருநாள் இயக்குநர் கஜேந்திரபாபு தன் படத்தோடு வந்து இறங்கினார். அதில் வில்லன் வீட்டு வாசலில் பன்னிரண்டு அடியாட்கள் வரிசையாக நிற்க, கதாநாயகன் பின்னாலிருந்து சைலன்சர் துப்பாக்கியால் ஒவ்வொருவனாகச் சுடுகிறான். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், நிஜ சைலன்சரை நான் பதிவு பண்ணியிருக்கேன். சத்தம் குறையுமே தவிர, இரும்புத் தகட்டைச் சம்மட்டியால அடிச்ச மாதிரி கேக்கும். பக்கத்துல நிக்கிறவன் திரும்ப மாட்டானா?"

"எனக்கே சொல்லித் தர்றியா? தியேட்டர்ல கடைசி வரிசைக்குக் கேக்கணும், பக்கத்துல நிக்கிற அடியாளுக்குக் கேக்கக் கூடாது. நாளைக்குத் தயாரிப்பாளர் வர்றார். முடியலைன்னா வேலையை விட்டுப் போ!"

அஞ்சுகம் அன்றிரவு ஸ்டுடியோவிலேயே தங்கினாள். படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அடியாட்களின் முதுகுதான் தெரிந்தது, வாய் தெரியவில்லை.

மறுநாள் திரையிட்டார்கள். முதல் குண்டுக்கு முன்னால் ஓர் அடியாளின் குரல் கேட்டது: "டேய், முதலாளி பாடப் போறாராம்! எல்லாரும் காதுல பஞ்சை அடைச்சுக்குங்கடா!" அப்புறம் டமார் டமார் என்று பன்னிரண்டு வெடி.

தயாரிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிரமாதம்! பஞ்சு யாரோட யோசனை?"

கஜேந்திரபாபு முந்திக்கொண்டார். "என்னுதுதான் சார்."

"ஆமா சார்," என்றாள் அஞ்சுகம் பணிவாக. "சைலன்சர் போட்டாலும் சத்தம் கேக்கும்னு நேத்து அவர்தான் எனக்கு விளக்கமா சொன்னார்."

இயக்குநர் தலையாட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.