பிரதானியின் புகை

வெள்ளை வேட்டி என்றால் மணலூர் ராஜா பூபதிக்கு உயிர். பட்டு வேண்டாம், ஜரிகை வேண்டாம், வேட்டி வெள்ளையாக இருந்தால் போதும். அதில் ஒரு பொட்டு அழுக்கு பட்டாலும் அன்றைக்கு அரண்மனையில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷர் வேட்டியில் மாசி மாதம் முழுக்கக் கரும்புள்ளி.

அரண்மனைத் துணி வெளுப்பவள் உலகம்மாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வேலைக்கென்று கொடுத்த மானிய வீட்டில்தான் குடியிருந்தாள். ராஜா அவளைச் சபைக்குக் கூப்பிட்டார். துணி தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது வெள்ளையாகத்தான் இருக்கிறது என்றாள். காயப்போட்டால் வடக்கே இருக்கிற சுண்ணாம்பு சுடுகிற காளவாய்களிலிருந்து கரி வந்து விழுகிறது, என்ன செய்வேன் என்று அழுதாள்.

காளவாய் யாருடையது? ராஜாவின் முதல் மந்திரி, சாட்சாத் பிரதானி கொண்டல்ராயருடையது. கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று சொல்லி, உலகம்மாள் துணி வெளுக்கிற படித்துறையை ஒட்டின நிலத்தைச் செப்புப் பட்டயத்தில் எழுதி வாங்கி, வரிசையாக ஏழு காளவாய் போட்டிருந்தார். இரவு பகலாகப் புகை. பிள்ளைகள் இருமின. பகலில் அடித்த வெயிலின் சூடு ராத்திரியும் ஊரைவிட்டுப் போகவில்லை. ராஜாவே இரண்டு பேரை விசிறச் சொல்லியும் புரண்டு புரண்டு படுத்தார். மாசியிலேயே சித்திரை வந்துவிட்டதே என்று அலுத்துக்கொண்டாரே தவிர, காரணம் அவருக்குப் பிடிபடவில்லை.

கொண்டல்ராயர் சபையில் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"காளவாய் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். புகை என்னுடையதா? வாயைவிட்டு வெளியே வந்துவிட்டால் அது காற்றின் சொத்து. வானம் எவ்வளவு பெரிசு, அதில் எங்கேயோ போய்க் கரைந்துவிடும். கையாலாகாதவள் காற்றின் மேல் பழி போடுகிறாள்."

காற்றைப் பிடித்துத் தண்டிக்க முடியுமா? ராஜாவுக்கு இந்த நியாயம் சரியாகப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டியில் ஒரு புள்ளி இருந்தாலும் உலகம்மாள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரைவிட்டே போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டே போனாள்.

சபையில் நல்லபெருமாள் என்று ஒருவன் இருந்தான். ராஜாவுக்கு வேடிக்கைத் தோழன், பிரதானிக்குக் கண்ணில் விழுந்த தூசி.  மறுநாள் அவன் படித்துறைக்குப் போய் உலகம்மாளிடம் நாலு பழைய வேட்டி கேட்டு வாங்கினான். அவற்றை விரித்துக் கட்டி, விழுந்த கரியை ஒரு வாரம் உதறி உதறிச் சேர்த்தான். எண்ணெய் விட்டுக் குழைத்து ஒரு சிமிழில் அடைத்துக்கொண்டான். உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜாவின் வேட்டியில் எண்ணிப் பார்த்தால் பதினேழு புள்ளி. உலகம்மாள் தலையைக் குனிந்து நின்றாள்.

ராஜா வாய் திறப்பதற்குள் நல்லபெருமாள் முன்னால் வந்தான். அதற்கு முன்பு ஒரே ஒரு விண்ணப்பம் என்றான். ஓர் ஓலையை நீட்டினான். எழுத்தாணியால் கீறின ஓலையில் எழுத்து கண்ணுக்குத் தெரியவேண்டுமானால் மை தடவவேண்டும் அல்லவா? அவன் சிமிழிலிருந்து தொட்டுத் தடவித் துடைத்தான். எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று எழும்பியது. சபையின் ஓலை எழுத்தரே அசந்துபோனார். முப்பது வருஷத்தில் இப்படியொரு மை பார்த்ததில்லை என்றார்.

ராஜாவுக்கும் சந்தோஷம். இந்த மைக்கு உரியவருக்குப் பொற்பதக்கம் என்று சொல்லிவிட்டார். யாருடையது என்று கேட்டார்.

நல்லபெருமாள் பணிவாகச் சொன்னான்: "படித்துறையில் விழுகிற காளவாய்க் கரி, மகாராஜா. காற்றின் சொத்து. உரியவர் ஒருத்தரும் இல்லை. பதக்கத்தை அடியேனே வாங்கிக்கொள்கிறேன்."

கொண்டல்ராயர் துள்ளி எழுந்தார். பதக்கம் இந்தப் பயலுக்கா?

"அது என் கரி. என் விறகு எரிந்த கரி. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், அந்த நிலத்திலிருந்து எழும்புகிற சகலமும் எனக்கே என்று பட்டயத்தில் இருக்கிறது. அது எங்கே பறந்து போனாலும் என்னுடையதுதான்."

"போன வாரம் காற்றின் சொத்து என்றீரே?" என்றார் ராஜா.

ஏதோ யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று மழுப்பினார் பிரதானி. நல்லபெருமாள் உடனே விட்டுக்கொடுத்துவிட்டான். பிரதானி சொன்னதை மட்டும் ஓலையில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றான். எழுதினார்கள். அவரும் போட்டார். அந்தக் கரியையே மையாகத் தடவினார்கள். எழுத்து பிரமாதமாகத் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் நல்லபெருமாள் ராஜாவின் வேட்டியைக் காட்டினான்.

"அப்படியானால் மகாராஜா, இந்தப் பதினேழும் பிரதானியுடையவை. பிள்ளைகள் நெஞ்சில் இருக்கிற இருமலும் அவர் அனுப்பினது. ராத்திரியில் ஊர்ச்சூடு வெளியே போகவிடாமல் தலைக்கு மேலே கம்பளி மாதிரி விரித்திருக்கிறதே, அதுவும் அவருடையதே. கையெழுத்து இருக்கிறது."

 உலகம்மாள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். ராஜா தன் வேட்டியைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. உம் குற்றத்துக்கு ஓர் ஏழையைத் துரத்தப் பார்த்தீரா என்று கேட்டார். உம்முடைய சொத்து ஊரில் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் நாளைக்குள் எடுத்துப்போக வேண்டும் என்று கட்டளையிட்டார்.

 வானத்தில் கலந்த புகையை எந்த மனுஷன் அள்ளிக்கொண்டு வருவான் என்று கொண்டல்ராயர் காலில் விழுந்தார். ராஜா நல்லபெருமாளைப் பார்த்தார்.

"பாவம், போனதை விட்டுவிடுங்கள் மகாராஜா," என்றான் நல்லபெருமாள். "இனிமேல் எழும்புகிறதை மட்டும் அவர் வெளியே விடாமல் தம் மாளிகைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அவர் சொத்துதானே?"

ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனமே குலுங்கியது. பொற்பதக்கம் உலகம்மாள் கைக்குப் போனது. அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு காளவாயும் அணைந்திருந்தன. தண்ணீர்க் குடம் தூக்கி ஊற்றினவர் வேறு யாருமில்லை, கொண்டல்ராயரேதான்.