மன்னர் திருப்பிக் கேட்ட நாள்

முன்னொரு காலத்தில், அதாவது அதற்கும் முந்தைய காலம்தான் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், ஒரு நாட்டைக் கோப்பெருநம்பி என்ற மன்னர் ஆண்டு வந்தார். அவருடைய அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மன்னர் நீராடிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அரண்மனை விகடன் எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோழிச் சண்டையில் எந்தச் சேவல் ஓடியது, கூத்தில் யார் பாட்டை மறந்தார், சந்தையில் கத்தரிக்காய் முற்றலா பிஞ்சா, எந்தத் தெருவில் எந்த மாமியார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அதில் வரும். அதையும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் ஓலைக்காரர் நல்லபெருமாள் உட்கார்ந்து, விகடன் சொன்னதையும் மன்னர் அதற்குச் சொன்னதையும் ஓலையில் எழுதுவார். நாற்பத்தைந்து வருஷமாக எழுதுகிறார். காதில் விழுவது நேராகக் கைக்குப் போய்விடும், தலையில் ஒன்றும் தங்காது. அந்த ஓலைகள் வருஷத்துக்கு ஒரு கட்டாகச் சுவடி அறைக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு அவற்றைத் தொடுவது கரையான் மட்டும்தான்.

விகடன் வெள்ளியப்பன் அந்த முக்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஐந்து வருஷம்தான் அவனுக்குப் பொற்காலம். மன்னருக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை தொங்கும். அதற்கு அப்பால் அரசி உட்கார்ந்து கேட்பார். வெள்ளியப்பன் ஏதாவது சொன்னதும் திரைக்குள்ளிருந்து முதலில் ஒரு சிரிப்பு வரும். அதைக் கேட்டு மன்னர் சிரிப்பார். மன்னர் சிரித்தாரே என்று சபை சிரிக்கும். அரண்மனைப் புலவர் அம்பலக் கவிராயர், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்.

அரசி காலமாகி ஏழு வருஷம் ஆயிற்று. திரை மட்டும் அங்கேயே தொங்கியது. மன்னர் சிரிப்பை விட்டுவிட்டுப் பெருமூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“அரசே, நேற்றுக் கிழக்குத் தெருச் சேவல் சண்டைக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது” என்பான் வெள்ளியப்பன்.

“அந்தக் காலத்துச் சேவல் ஓடாது” என்பார் மன்னர்.

“சந்தையில் பூசணிக்காய் தேர்ச் சக்கரம் போல வந்திருக்கிறது.”

“அந்தக் காலத்தில் தேரே பூசணிக்காய் போலத்தான் உருளும்.”

இதற்கு மேல் எந்த விகடனால் என்ன செய்ய முடியும்?

இந்தச் சமயத்துக்குத்தான் கவிராயர் காத்திருந்தார். மன்னருக்குப் பக்கத்தில் போட்ட முக்காலி என்றால் சும்மாவா? ஒருநாள் காலை, மன்னர் மூன்றாவது பெருமூச்சு விட்டதும் அவர் எழுந்தார்.

“மன்னர் பெருமானே, குற்றம் காலத்தின் மேல் இல்லை, சொல்கிறவன் மேல். தங்கள் தந்தையார் நாளில் இதே முக்காலியில் இருந்தவர் சொன்ன செய்திகள் எப்படி இருந்தன! வெள்ளியப்பன் கெட்டிக்காரன் என்கிறார்கள். அப்படியானால் அந்த நாட்களில் ஒரே ஒரு நாளைத் தங்கள் முன் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் முக்காலியை விட்டு இறங்கட்டும்.”

மன்னரின் கண் பளபளத்தது. “ஆமாம், ஒரு நாள். வைகாசித் திருவிழா நாள். எனக்கு இருபது வயது. அன்று நடந்த மல்யுத்தத்தைப் போல் இனி உலகத்தில் நடக்கப் போவதில்லை. தேர் ஒரே இழுப்பில் நிலைக்கு வந்தது. மாம்பழமா அது, தேன். கூத்தைப் பார்த்து ஊரே அழுதது. நான் வெள்ளைக் குதிரையில் குளக்கரையைச் சுற்றி வந்தேன். அரசி என்னை முதன்முதல் பார்த்ததும் அன்றைக்குத்தான்.” முக்காலியின் பக்கம் திரும்பினார். “வெள்ளியப்பா, அந்த நாள் எனக்கு வேண்டும். இந்த வருஷத்துத் திருவிழா இன்னும் நான்கு நாளில் வருகிறது. அதற்கு மறுநாள் காலை நீ அதைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முக்காலி கவிராயருக்கு. நீ ஆற்றைக் கடந்து போய்விட வேண்டியதுதான்.”

வெள்ளியப்பன் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அவன் மனைவி உடனே பானை சட்டிகளைக் கட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு மன்னரைத் தெரியும்.

ஊரை விட்டுப் போவதென்றால், போகும் முன் அரசியின் சிரிப்பையாவது ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சுவடி அறைக்குப் போய், தான் உத்தியோகத்தில் சேர்ந்த வருஷத்துக் கட்டை இறக்கித் தூசி தட்டிப் பிரித்தான். ஓலையில் இருந்தது: ‘விகடன் சேவல் கதை சொன்னான். திரைக்குப் பின் அரசியார் சிரித்தார். மன்னரும் சிரித்து, அந்தக் காலத்துச் சேவல் ஓடாது என்றார்.’

வெள்ளியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதே சொல்லியிருக்கிறாரா? அடுத்த ஓலையைப் பார்த்தான், அதற்கடுத்ததையும் பார்த்தான். வாரத்துக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறார். தன் பொற்காலத்திலும் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அரசியின் சிரிப்புச் சத்தத்தில் அது தன் காதில் விழவில்லை. தனக்கே இப்படி என்றால் மன்னருக்கு எப்படியோ என்று நினைத்தவன், மேல்தட்டில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய கட்டைத் தேடி ஏணி வைத்து ஏறினான்.

திருவிழாவுக்கு மறுநாள் சபை கூடியது. அரசி போன பிறகு மன்னர் திருவிழாவுக்குப் போவதில்லை. மன்னர் போகாத இடத்துக்கு நாங்கள் போவோமா என்று சபையாரும் அவரவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். கவிராயர் புது அங்கவஸ்திரத்தோடு முக்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“எங்கே என் நாள்?” என்றார் மன்னர்.

“கொண்டுவந்திருக்கிறேன் அரசே. வழக்கப்படி முதலில் திருவிழாச் செய்தியைச் சொல்லட்டுமா?”

“சொல்.”

“மல்யுத்தம் நடந்தது. இரண்டு மல்லர்களும் தலையோடு தலை முட்டி நின்றார்கள். ஒரு நாழிகை அப்படியே நின்றார்கள். பார்த்தவர்கள் சுண்டல் வாங்கித் தின்று முடித்தும் நின்றார்கள். கடைசியில் ஒருவருக்குக் கச்சை அவிழ்ந்துவிட்டது. அவர் அதைப் பிடிக்கப் போக, மற்றவர் ஜெயித்ததாக மணி அடித்துவிட்டார்கள்.”

மன்னர் தலையில் அடித்துக்கொண்டார். “இதுவும் ஒரு மல்யுத்தமா?”

“வெட்கக்கேடு” என்றார் கவிராயர்.

“தேர் மேல வீதி முக்கில் நின்றுவிட்டது. இழுத்தவர்கள் இழுக்க, பிடித்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். நிலைக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. மாம்பழம் வாங்கினவர்கள் அதைக் குழம்பில் போட்டார்கள், அவ்வளவு புளிப்பு. கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் சிம்மாசனத்திலேயே தூங்கிவிட்டார். ராணி வேஷக்காரர் மீசையைத் தடவிக்கொண்டே அவரைத் தட்டி எழுப்பினார்.”

“கேட்டீர்களா? எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது” என்றார் மன்னர்.

“இன்னும் ஒன்று பாக்கி, அரசே. பெரிய இடத்துப் பிள்ளை ஒருவர், குளப்படியில் நின்ற பெண்கள் பார்க்க வேண்டும் என்று, குதிரையைச் சுற்றிச் சுற்றி விட்டார். மூன்றாவது சுற்றில் குதிரை நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. நேரே குளத்துச் சேற்றில் போய் உட்கார்ந்தார்.”

“இந்தக் காலத்து இளவட்டங்களே இப்படித்தான். அவனைப் பெற்றவரைச் சொல்ல வேண்டும்” என்றார் மன்னர்.

கவிராயருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பெற்றவரைச் சொல்லிப் பயன் என்ன, பெருமானே? அந்த மூடனைக் கழுதை மேல் ஏற்றி, அதே குளத்தைச் சுற்றி ஊர்வலம் விட வேண்டும்.”

வெள்ளியப்பன் இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மன்னரிடம் நீட்டினான். “தாங்கள் கேட்ட நாள், அரசே. இன்று என்றோ நேற்று என்றோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் இருந்ததை, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே சொன்னேன்.”

மன்னர் ஓலையை வெளிச்சத்தில் பிடித்தார். தேதியைப் பார்த்தார். சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவிராயர் மட்டும் ஒன்றும் விளங்காமல், “எந்த மூடனாம், பெருமானே?” என்றார்.

மன்னர் மெல்ல வாசித்தார். “‘மல்யுத்தச் செய்தி கேட்டு மாமன்னர், நம் காலத்து மல்லர்கள் எங்கே, இவர்கள் எங்கே என்று பெருமூச்சு விட்டார். இளவரசர் கோப்பெருநம்பி குளத்துச் சேற்றில் விழுந்த செய்தி கேட்டு...’”

அந்த வரியோடு நிறுத்தினார். ஓலையை வெள்ளியப்பனிடமே கொடுத்தார். அவன் முடித்தான்: “‘இந்தக் காலத்து இளவட்டங்களே இப்படித்தான் என்றார். இளவரசர் விழுந்தபோது குளப்படியில் நின்ற பெண்களில் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். இளவரசரும் சேற்றில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துச் சிரித்தார்.’”

மன்னர் திரும்பிப் பச்சைத் திரையைப் பார்த்தார். அவருக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, காதுக்குள் போன சேறு உட்பட.

“குதிரையில் சுற்றி வந்ததைப் பார்த்து மயங்கினாள் என்றல்லவா நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். “விழுந்ததைப் பார்த்துத்தானா?”

“அரசியார் எப்போதுமே முதலில் சிரிப்பவர்தானே, அரசே” என்றான் வெள்ளியப்பன்.

மன்னர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொப்பை குலுங்கியது, கண்ணில் நீர் வந்து அதைத் துடைக்கவும் மறந்து சிரித்தார். ஏழு வருஷம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்ட வெள்ளியப்பனுக்கும் கண் கலங்கியது. சபை சிரித்தது. கவிராயர் மட்டும் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

மன்னர் தன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி வெள்ளியப்பனுக்குப் போட்டார். “முக்காலி உன்னுடையது. அந்தச் சுவடி அறைச் சாவியும் இனி உன்னிடம் இருக்கட்டும். அரசி சிரித்த ஓலைகளை மட்டும் தேடி எடு, வாரத்துக்கு ஒன்று எனக்கு வாசித்துக் காட்டு.” பிறகு திரும்பினார். “கவிராயரே, தண்டனை சொன்னவர் நீர், குற்றவாளி நான். ஆனால் அரசன் கழுதை ஏறினால் நாட்டுக்கு ஆகாது என்பார்கள். எனக்குப் பதிலாக நீர் ஏறும்.”

அன்று மாலை மன்னர் ஏழு வருஷத்துக்குப் பிறகு குளக்கரைக்கு வந்தார். கவிராயர் புது அங்கவஸ்திரத்தோடு கழுதை மேல் வந்தார். மூன்றாவது சுற்றில் கழுதை நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

மறுநாள் காலை வெள்ளியப்பன் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வீட்டில் பானை சட்டிகள் திரும்ப அடுப்பங்கரைக்குப் போயிருந்தன. கழுதைச் சவாரியை அவன் உப்பு காரத்தோடு சொல்லி முடித்ததும், நல்லபெருமாள் வழக்கம்போல எழுதினார்: ‘மன்னர் சிரித்தார்.’ இன்னும் நாற்பது வருஷம் போனால் யாராவது ஒருவர் அந்த ஓலையைத் தூசி தட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, அந்தக் காலத்துக் கழுதையே கழுதை என்று பெருமூச்சு விடுவார்.