கொம்பன் திரும்ப அழைத்த மந்தி

ஒரு காட்டில் கொம்பன் என்ற யானை தலைவனாக இருந்தது. கோடையில் குளம் வற்றிவிடாமல் எல்லா விலங்குகளும் சேர்ந்து தூர்வாரி வந்தன. யாருக்கு எந்த வேலை பொருந்தும், யாருக்கு என்ன குறை என்று கேட்டுப் பார்த்துக்கொண்டது செவ்வந்தி என்ற மந்தி.

கொம்பன் நல்ல உழைப்பாளிதான். ஆனால் எதற்கெடுத்தாலும் பிளிறும். மண் தோண்டும் பன்றி சற்று இளைப்பாறினால் பிளிறும். மான் தாமதமாக வந்தால் அதற்கும் பிளிறும்.

ஒருநாள் செவ்வந்தி கொம்பனிடம் தனியாக வந்தது.

"தலைவரே, நம்மவர்கள் வேலைக்கு அஞ்சவில்லை. உங்கள் குரலுக்குத்தான் அஞ்சுகிறார்கள்."

"என்னிடமே குறை சொல்கிறாயா? இனி உனக்கு இங்கே வேலை இல்லை, போ!"

"உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?" என்று வருந்திய செவ்வந்தி, தூரத்து நாவல் மரத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கோடையிலேயே மூங்கில் காட்டில் தீப்பிடித்தது. முதலில் பார்த்தது கொம்பன்தான்.

"குளத்துக்கு வாருங்கள்! குளத்துக்கு வாருங்கள்!" என்று பிளிறியது.

"ஐயோ, இன்று யார்மேல் கோபமோ!" என்று, பிளிறலைக் கேட்டதுமே சொல்லைக் கவனிக்காமல் மான்களும் பன்றிகளும் எதிர்ப்பக்கம் ஓடின. தீயோ அந்தப் பக்கம்தான் இருந்தது! கொம்பன் மேலும் பிளிற, அவை மேலும் வேகமாக ஓடின.

நாவல் மரத்தின் உச்சியிலிருந்து இதைப் பார்த்த செவ்வந்தி மரத்துக்கு மரம் தாவி அவற்றின் முன்னால் குதித்தது.

"நில்லுங்கள்! அது கோபமில்லை. நம்மைக் காப்பாற்றத்தான் தலைவர் கூப்பிடுகிறார். திரும்புங்கள்!"

"செவ்வந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்று எல்லாம் திரும்பி ஓடிக் குளத்தில் இறங்கின. தீ கரைவரை வந்து அடங்கியது.

நனைந்து நடுங்கிய மான்குட்டிகளைப் பார்த்ததும் கொம்பனின் கண்கள் கலங்கின. எல்லோர் முன்னிலையிலும் அது சொன்னது:

"செவ்வந்தி, உண்மையைச் சொன்ன உன்னை விரட்டினேன். அப்படியும் எனக்காகப் பேசினாயே! இத்தனை உயிர்களும் உன்னால் பிழைத்தன. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?"

"நீங்கள் மட்டும் தப்பிப் போகாமல் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றீர்களே, தலைவரே. நாங்களும் நன்றி சொல்ல வேண்டும்."

"திரும்பி வருவாயா?"

"வருவேன். ஆனால் குறை கண்டால் மறுபடியும் சொல்வேன்."

"அதற்காகத்தான் அழைக்கிறேன்," என்று கொம்பன் துதிக்கையை நீட்டியது. செவ்வந்தி அதில் தாவி ஏறிக்கொண்டது.

நீதி: குறையை நேரில் சொல்லும் துணையே தலைவனுக்கு வாய்த்த பேறு, அதை நன்றியோடு போற்ற வேண்டும்.